அஞ்சறைப்பெட்டியும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும்: சீன உணவு மரபையும் மேற்கத்திய ஊட்டச்சத்தையும் செட்டிநாட்டுச் சாப்பாட்டில் சேர்ப்பது எப்படி

சீன உணவு மரபைப் பின்பற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ‘இது சூடு, அது குளிர்ச்சி’ என்று ஒரு பட்டியலைப் பிடித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். பத்து நாளில் அது எண்ணெய்ப் பிசுக்கேறிப் போகும். சாப்பாடு பழையபடியே நடக்கும். இரண்டு முறைகளையும் உருப்படியாகச் சேர்க்க வேண்டுமானால் முதலில் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு சாப்பிடுவது, என்ன சத்து குறைகிறது என்பதை மேற்கத்திய அளவீடு தீர்மானிக்கட்டும். எப்படிச் சமைப்பது, எதோடு சேர்ப்பது, எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதற்குச் சீன மரபைக் கேட்கலாம். இரண்டும் முட்டிக்கொண்டால் பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்ணுக்கே முன்னுரிமை. இதைத் தலைகீழாக்கி, நாக்கைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கவும் கலோரியைப் பார்த்துச் சமையல் செய்யவும் முயன்றால் இரண்டுமே கெடும்.

சீன மரபில் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு தன்மை உண்டு: கடுங்குளிர்ச்சி, இளங்குளிர்ச்சி, இளஞ்சூடு, கடுஞ்சூடு, இவற்றுக்கு நடுவே சமநிலை. புளிப்பு, கசப்பு, இனிப்பு, கார்ப்பு, உவர்ப்பு என்று சுவை ஐந்து. நம் கணக்கிலுள்ள துவர்ப்பு அங்கே தனிச்சுவை இல்லை. செரிமானம்தான் அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை; அதனால்தான் கஞ்சிக்கும் சூப்புக்கும் அவ்வளவு மரியாதை. 7ஆம் நூற்றாண்டு மருத்துவரான சுன் சிமியாவ், முதலில் உணவால் சரிசெய்து பார்க்க வேண்டும், அது முடியாதபோதே மருந்துக்குப் போக வேண்டும் என்று எழுதிவைத்தார்.

சூடு, குளிர்ச்சி என்று பேசியே பழகிய ஊரில் இது புரியாத சங்கதி அல்ல. அதுவே ஒரு வகையில் ஆபத்து. இரண்டு பட்டியலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவோம். தர்பூசணி, வெள்ளரி, பாசிப்பயறு, வெண்பூசணி எல்லாம் அங்கேயும் இங்கேயும் குளிர்ச்சி. சுக்கு, மிளகு, பட்டை, ஆட்டுக்கறி எல்லாம் இரு பக்கமும் சூடு. ஆனால் வெந்தயம் நமக்குக் குளிர்ச்சி, சீனர்களுக்குச் சூடு. மல்லித்தழையும் அப்படியே. பாகற்காயைச் சூடு என்று ஒதுக்கும் வீடுகள் இங்கே நிறைய. அங்கே அது கடுங்குளிர்ச்சி. நண்டு சாப்பிட்டால் சளி இறங்கும் என்பது நம் வழக்கு. சீனர்களுக்கு நண்டுக்கறி கடுங்குளிர்ச்சி, அதனால் இஞ்சியும் வினிகரும் இல்லாமல் தொடமாட்டார்கள். நாம் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைக்கிறோம். கணக்கு வேறு, தட்டுக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுதான்! இந்தத் தன்மைகளை அளக்க எந்த ஆய்வகத்திலும் கருவி கிடையாது. ஆகவே இவற்றைச் சமையல் இலக்கணமாக வைத்துக்கொள்ளுங்கள். நோயறியும் முறையாக வேண்டாம்.

முதலில் எண்கள்

காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுங்கள். பார்க்க வேண்டியவை: ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஹெச்.பி.ஏ.1.சி), கொலஸ்ட்ரால் வகைகள், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., வைட்டமின் பி12. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பி12-ஐ விட்டுவிடவே கூடாது. பிரஷரை இரண்டு மூன்று வெவ்வேறு நாள்களில், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

பிறகு இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பைச் சுற்றவும். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. வேட்டி, புடவை கட்டும் இடத்தில் அளப்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து சென்டிமீட்டர் குறைத்து அளக்கிறார்கள், தொப்பை அதற்கு மேலே இருப்பதால்.

மூன்று நாள் சாப்பாட்டை எழுதிவையுங்கள். அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். ‘இட்லி 3, சட்னி’ என்று எழுதினால் உதவாது. சட்னியில் எவ்வளவு தேங்காய், தோசைக்கு எத்தனை தேக்கரண்டி எண்ணெய், காப்பியில் எத்தனை கரண்டிச் சீனி என்று எழுத வேண்டும். மாலை நேரத்து முறுக்கும் தேன்குழலும்தான் வழக்கமாக விட்டுப்போகும் வரிகள்.

எண்ணெய், உப்பு இரண்டையும் ஆளுக்காள் அளப்பது முடியாத காரியம். வீட்டுக் கணக்கில் பார்த்தால் சுலபம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் காட்டும் மாதிரித் தட்டில், 2000 கலோரிக்குச் சமையல் எண்ணெயும் நெய்யும் சேர்ந்து நாளைக்கு 27 கிராம்தான், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும் என்ற பிடிவாதம் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடும். உப்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், மோர் மிளகாய், வற்றல் போட்ட உப்பும் அப்பளத்தில் வந்த உப்பும் இதற்குள் அடக்கம். ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசியில் காலியாகிறது என்றால் வேறு பரிசோதனையே தேவையில்லை.

பிறகு உடல்வாகு

சீனாவில் உடல்வாகை ஒன்பதாகப் பிரித்து, 2009இல் அதை ஒரு தரநிலையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டுச் சமையலுக்கு ஒன்பது வேண்டாம், நான்கு போதும். ஒரு வாரம் காலையில் இவற்றைக் கவனியுங்கள்: நாக்கு, தாகம், மலம், தூக்கம், கை கால் சூடா குளிர்ச்சியா, சாப்பிட்ட பின் வயிறு கனக்கிறதா.

நாக்கைப் பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும். வளவில், அதாவது வீட்டின் திறந்த முற்றத்தில், நின்று கண்ணாடியில் பார்த்தால் சரியாகத் தெரியும். டியூப் லைட்டில் எல்லா நாக்கும் வெளுப்பாகத்தான் தெரியும். காப்பிக்கு முன்னால், நாக்கு வழிப்பதற்கும் முன்னால் பாருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் முந்தின இரவு போடாமல் இருந்தால்தான் நிறம் நம்பத்தக்கது.

கை கால் சில்லிட்டு, நாக்கு வெளுத்து, சூடான பானமே பிடித்து, மலம் இளகிப்போனால் குளிர்வாகு. வாய் காய்ந்து, நாக்கு சிவந்து மேற்படிவு இல்லாமல், இரவில் உள்ளங்கால் எரிந்தால் வறள்சூடு. நாக்கில் தடித்த வெள்ளைப் படிவு, சாப்பிட்டதும் மந்தம், உடம்பு கனம், தொப்பை, இதெல்லாம் சேர்ந்திருந்தால் ஈரக்கனம். செட்டிநாட்டுச் சாப்பாடு சாப்பிடும் நடுவயதுக்காரர்கள் அதிகம் விழுவது இந்த வகையில்தான். நாக்கின் ஓரத்தில் பல்தடம், எளிதில் சோர்வு, பேசினாலே களைப்பு என்றால் பலக்குறைவு.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் மேற்கத்திய மருத்துவத்தில் வேறொரு பெயர் இருக்கலாம். உடம்பு சில்லிட்டுச் சோர்ந்து எடையும் ஏறினால் சுக்குக் காப்பி போடுவதற்கு முன் டி.எஸ்.ஹெச். பாருங்கள், தைராய்டு குறைந்தாலும் இப்படியே இருக்கும், நாக்குகூடத் தடித்துப் பல்தடம் விழும். வாய் வறண்டு, தாகம் எடுத்து, இரவில் அடிக்கடி சிறுநீர் போனால் வறள்சூடு என்று இளநீரும் பழச்சாறும் கொடுக்காதீர்கள். அது சர்க்கரையாக இருக்கலாம், பழச்சாறு நிலைமையை மோசமாக்கும். நாக்கு வழவழவென்று சிவந்து காரம் பட்டால் எரிகிறதா? பி12, ஃபோலேட், இரும்புச்சத்து மூன்றையும் பாருங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வந்த வெள்ளைப் படிவு பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13க்குக் கீழே இருந்தால் பலக்குறைவு என்ற பெயர் போதாது. காரணத்தை மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டும்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்து, தொந்தரவு மட்டும் நீடிக்கும்போதுதான் உடல்வாகுப் பார்வை உண்மையில் கைகொடுக்கும்.

தட்டில் எவ்வளவு

புரதத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் நம் சாப்பாட்டில் முதலில் குறைவது அதுதான். உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்தியர்களுக்கான பரிந்துரை. 60 கிலோ எடைக்கு 50 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

வீட்டுக் கணக்கில் ஒரு இட்லி சுமார் 2 கிராம், ஒரு முட்டை 6, வேகாத பருப்பு 30 கிராமில் 7, வேகாத அரிசி 75 கிராமில் 5 முதல் 6, மீன் 100 கிராமில் 18, தயிர் 100 கிராமில் 3, நிலக்கடலை 30 கிராமில் 7. காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும் ஒரு முட்டையும், மதியம் 75 கிராம் அரிசிச் சோறு, பருப்பு, மீன், தயிர், மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று போனால் இராச்சாப்பாட்டுக்கு முன்பே 50ஐத் தொட்டுவிடலாம். சைவத்தில் மீனும் முட்டையும் போக 24 கிராம் விழும். அதை ஒரு டம்ளர் பால், ஒரு பிடி கடலை, இரவுக்குப் பாசிப்பயறு என்று மூன்றாகப் பிரித்தால்தான் ஈடுகட்ட முடியும். ஒரே வேளையில் இரண்டு கிண்ணம் சுண்டலை அடைத்தால் வயிறு உப்பும், மறுநாள் பயறே வேண்டாம் என்று வெறுத்துவிடுவீர்கள்.

காய், கீரை, பழம் சேர்த்து நாளைக்கு அரைக் கிலோ. சமைத்த பொரியலாக இரண்டு வேளைக்கும் ஒரு கிண்ணம் நிறைய என்றால்தான் அந்தக் கணக்கு வரும். இலையின் ஓரத்தில் வைக்கும் ஒரு கரண்டிப் பொரியல் 40 கிராம்கூடத் தேறாது.

சாப்பிடும் வரிசையை மாற்றினாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும்: முதலில் காய், அடுத்து பருப்பு அல்லது கறி, கடைசியில் சோறு. வயிற்றில் பத்துக்கு ஏழு பங்கு நிரம்பியதும் எழுந்துவிடு என்பது சீனர்களின் பழைய வழக்கு. பந்தியில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஆச்சி கரண்டியோடு நிற்கும்போது அது நடக்காது. வீட்டிலாவது முயலலாம், சோற்றை ஒரே தடவையில் அளந்து போட்டுக்கொண்டு, பானையை மேசைக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே விட்டுவிடுவதுதான் வழி.

சாப்பிட்ட கையோடு காப்பியோ தேநீரோ குடிப்பதில் இரண்டு முறைகளும் மோதுகின்றன. சீன வீடுகளில் சாப்பாட்டோடு தேநீர் சகஜம். ஆனால் அவற்றில் உள்ள டானின் வகைப் பொருள்கள், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஃபெரிட்டின் குறைவாக உள்ளவர்கள் ஒரு மணி நேரம் இடைவெளி விடவும். அதற்குப் பதில் பொரியலில் அரை எலுமிச்சம்பழம் பிழியவும். அடுப்பை அணைத்த பிறகு பிழிந்தால்தான் வைட்டமின் சி மிஞ்சும்.

தன்மையை அடுப்பில் மாற்றுவது

இனி வருவது சீன மரபின் தனிச்சொத்து. ஒரு பொருளின் தன்மை அதோடு பிறந்தது மட்டுமல்ல. சமைக்கும் விதத்தாலும் அது மாறும் என்கிறார்கள். பச்சையாகத் தின்றால் குளிர்ச்சிப் பக்கம், வேகவைத்தால் நடு, வறுத்தால் சூட்டுப் பக்கம், எண்ணெயில் பொரித்தால் இன்னும் சூடு.

ஆட்டுக்கறிச் சுக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கறி சூடு. அதற்கு மிளகாய் வத்தல், மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கல்பாசி. அதற்கும் மேல் நீர் வற்றும்வரை வறுவல். எல்லாம் ஒரே பக்கமே தள்ளுகிறது. நெஞ்செரிச்சல், வாய்ப்புண், மூலம் உள்ளவருக்கு மறுநாள் தெரிந்துவிடும். கறியை நிறுத்த வேண்டியதில்லை. ஆளுக்கு 100 கிராம் கறிக்கு 150 கிராம் முள்ளங்கி போட்டுக் குழம்பாக வையுங்கள். ஆட்டுக்கறியோடு வெள்ளை முள்ளங்கி சேர்ப்பது சீனாவிலும் பழகிய சேர்க்கை. முள்ளங்கி குளிர்ச்சி, கொழுப்பின் மந்தத்தை இறக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். மேற்கத்தியக் கணக்கில் பார்த்தாலும் லாபம்தான்: நார்ச்சத்து ஏறுகிறது, வறுவலுக்கு ஊற்றும் எண்ணெய் மிச்சம், ஒரு கரண்டியில் கறியின் பங்கு குறைகிறது.

செய்முறையில் கவனிக்க வேண்டியது வரிசை. கறியை மட்டும் மஞ்சள், இஞ்சி, பூண்டோடு முதலில் வேகவைத்து, தண்ணீரைத் தனியே வடித்து ஆறவிடுங்கள். கொழுப்பு மேலே படியும். ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தால் கட்டியாகவே எடுத்துவிடலாம். அதன்பிறகு அந்தத் தண்ணீரிலேயே விரற்கடைக் கனத்துக்கு நறுக்கிய முள்ளங்கியைப் போட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, பாதி வத்தல், முழு அளவு மிளகு, சோம்போடு அரைத்த மசாலாவையும் வெந்த கறியையும் சேர்க்கவும். முள்ளங்கியைக் கறியோடு சேர்த்துக் குக்கரில் போட்டால் கரைந்துபோய்க் கந்தக வாடை அடிக்கும். அந்த வாடையால்தான் பல வீடுகளில் இந்தக் குழம்பு ஒரே தடவையோடு நின்றுபோகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. குளிர்வாகு உள்ளவர் எடை குறைக்க வேண்டும் என்று காலையில் வெள்ளரி, தக்காளி, முளைப்பயறு எல்லாம் பச்சையாகத் தின்று, பத்து மணிக்கெல்லாம் வயிறு இரைய உட்கார்ந்திருப்பார். அதே 150 கிராம் காயை ஆவியில் ஐந்து நிமிடம் வைத்து, சீரகமும் மிளகும் தட்டிப்போட்டால் கலோரி மாறாது, வயிறும் ஒத்துக்கொள்ளும். முளைப்பயறை வேகவைத்துத் தின்பது கிருமிப் பயத்தையும் குறைக்கும்.

பால் விஷயத்தில் சீன மரபை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரக்கனம் உள்ளவர்கள் பாலைக் குறைக்க வேண்டும் என்பார்கள். ஆனால் சைவச் சாப்பாட்டில் கால்சியத்துக்கும் பி12-க்கும் பெரிய ஆதாரமே அதுதான். பாலாகக் குடித்தால் மந்தமாக இருக்கிறது என்பவர்கள் அதே அளவைத் தயிராகவோ மோராகவோ மாற்றி, ஒரு டம்ளர் மோருக்குக் கால் தேக்கரண்டி சுக்குத்தூளும் கறிவேப்பிலையும் போட்டுக் குடிக்கலாம். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் புளித்தது கொஞ்சம் எளிதாகச் செரிக்கும்.

கவுனிக் கஞ்சி

இரண்டு முறைகளும் கைகுலுக்கும் ஒரு பண்டம் வேண்டுமென்றால் இதுதான். கல்யாண வீட்டுக் கவுனியரிசியை எல்லோருக்கும் தெரியும்: சீனி, தேங்காய்ப்பூ, நெய். அதைத் தினசரி உணவாக நினைக்க வேண்டாம். கறுப்பு என்பதால் சர்க்கரை ஏறாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது, பாதிதான் உண்மை. மேல்தவிட்டில் நாரும் ஆந்தோசயனின் என்ற கருநீல நிறப்பொருளும் உண்டு, ஆனால் இது ஒட்டும் ரக அரிசி. ஒட்டும் அரிசியில் மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தான அமைலோஸ் மிகக் குறைவு, அதனால் மாவுச்சத்து வேகமாகச் செரித்துச் சர்க்கரையாகும். சீன மரபும் ஒட்டும் அரிசியை இளஞ்சூடு என்று சொல்லி, செரிமானம் பலவீனமானவர்கள் அளவாகச் சாப்பிட வேண்டும் என்கிறது. ஆக, அளவைச் சிறிதாக்கிப் பருப்போடு சேர்ப்பதே வழி.

இரண்டு பேருக்கு: கவுனியரிசி 60 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம், தண்ணீர் மொத்தம் 800 மில்லி, சீரகம் அரைத் தேக்கரண்டி, சுக்குத்தூள் கால் தேக்கரண்டி, நெய் ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி.

அரிசியைத் தேய்க்காமல் இரண்டு முறை அலசுங்கள். தேய்த்தால் நிறம் தண்ணீரோடு போய்விடும், சத்தும் அதோடு போகும். 300 மில்லி தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே ஊறவைத்தால் விடிவதற்குள் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வைக்கவும். காலையில் ஊறிய கருநீலத் தண்ணீரைக் கொட்டாமல், அதிலேயே பருப்பையும் மீதி 500 மில்லி தண்ணீரையும் சேர்த்துக் குக்கரில் ஏற்றுங்கள். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. பருப்பு நுரைத்து வால்வை அடைக்கும். இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்கும். முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 25 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். மத்தால் நான்கு தட்டு தட்டினால் போதும். மிக்ஸியில் அடித்துக் கூழாக்கினால் சர்க்கரை ஏறும் வேகம் கூடும். நெய்யில் சீரகம் பொரித்து, சுக்கு, உப்பு சேர்த்து இறக்கவும்.

ஊறாத அரிசியாக இருந்தால் பருப்பு கரைந்தும் கவுனி நறுக்கு நறுக்கென்று நிற்கும். அப்போது தண்ணீர் சேர்க்காமல் இன்னும் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். ஆறியதும் கெட்டியாகும், வெந்நீர் விட்டு இளக்கலாம். ஒருவர் பங்கில் புரதம் 6 கிராம், மாவுச்சத்து சுமார் 30 கிராம். புரதம் போதாது, கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ வேண்டும். வறள்சூடு உள்ளவர்கள் சுக்கை விட்டுவிடலாம். ஈரக்கனத்துக்கு நெய்யைப் பாதியாக்கி மிளகு கூட்டலாம். சர்க்கரைக்காரர்கள் கஞ்சிக்கு முன் ஒரு கிண்ணம் காய் சாப்பிட வேண்டும். ஆடிக் கும்மாயமும் பருப்பும் அரிசியும் சேர்ந்ததுதான், அதில் உளுந்தே முதன்மை. கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்ததால் அது பண்டிகைக்குரியது.

கசப்புக்கும் உப்புக்கும்

ஐந்து சுவையில் நம் மதியச் சாப்பாட்டில் விடுபடுவது கசப்பு. சுண்டைவற்றலால் நிரப்பலாம் என்று தோன்றும். அது உப்பில் ஊறிக் காய்ந்தது. வற்றலை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்துவிட்டு வறுங்கள், அன்றைக்குக் குழம்பில் உப்பைக் குறையுங்கள். பச்சைச் சுண்டைக்காயோ பாகற்காயோ கிடைக்கும் நாளில் அதுவே மேல். சுமார் ஈராயிரம் ஆண்டுப் பழமையான சீன மருத்துவ நூலொன்று, உப்பை அதிகம் தின்றால் ரத்தநாளத்தில் ஓட்டம் இறுகி நிறம் மாறும் என்று சொல்கிறது. பிரஷர் மாத்திரைச் சீட்டு சொல்வதற்கு அது ரொம்பத் தூரமில்லை.

பருவத்தை ஊருக்கேற்ப மாற்றுங்கள்

சீனர்களின் பனிக்காலப் பட்டியலை இங்கே பிரதி எடுக்க வேண்டாம். ஆட்டுக்கறியும் இஞ்சியும் மூலிகையும் கொதிக்கும் அவர்களுடைய குளிர்கால சூப், பனி விழும் ஊருக்கு ஏற்றது. காரைக்குடியில் மார்கழியில் போர்வை தேவைப்படலாம், உடம்பு உறைவதில்லை. நமக்கு உண்மையான பருவங்கள் இரண்டு: கத்திரி வெயில், ஐப்பசி கார்த்திகை மழை. வெயிலில் மதியம் பாசிப்பயறுக் கஞ்சி, சுரைக்காய், வெள்ளரி, நீர்மோர். கறியை வாரம் ஒரு முறையாக்கிக் குழம்பாக மட்டும் வையுங்கள். மழையில் பச்சைக்காயைக் குறைத்து மிளகு ரசம், கொள்ளு, பூண்டு. வெயில் காலத்திலும் பிரஷர்க்காரர்கள் நீர்மோரில் உப்பைத் தாராளமாகப் போடக் கூடாது.

பொட்டலத்தில் வரும் மூலிகை

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் உறவினர்கள் பெட்டியில் சூப் மூலிகைப் பொட்டலமும் ஜின்செங்கும் கொண்டுவருவார்கள். சாப்பாட்டு மசாலா என்று நினைத்து எல்லோருக்கும் போட்டுவிடாதீர்கள். அதிமதுரம் தொடர்ந்து சேர்ந்தால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்; பிரஷர் மாத்திரை, இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து. நம் வீட்டு இருமல் கஷாயத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு டாங் குய் என்ற சீன வேர், கோஜி பெர்ரி இரண்டும் ரத்தக்கசிவை வரவழைக்கலாம். முருங்கைக்கீரையைக்கூட அவர்கள் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. சிவப்பு ஈஸ்ட் அரிசியில் உள்ள மொனகோலின் கே என்பது கொலஸ்ட்ரால் மாத்திரையான லோவாஸ்டாட்டினேதான். இரண்டையும் சேர்த்தால் மருந்து இரட்டிப்பாகும். பம்ப்ளிமாஸ் பழமும் சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. பெயர் தெரியாத எடைக்குறைப்பு மூலிகைகளைத் தொடவே வேண்டாம்: 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் அப்படியொரு கலவையில் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள மூலிகை சேர்ந்து, பல பெண்களின் சிறுநீரகம் பழுதானது. கர்ப்பிணிகளுக்கு எந்தப் பொட்டலமும் கூடாது.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பொட்டலத்தால் பெரிதாக எதுவும் கிடைத்துவிடப் போவதில்லை. சூட்டுப் பக்கம் தள்ள வேண்டிய சரக்கெல்லாம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. குளிர்ச்சிப் பக்கம் தள்ள வேண்டியது சந்தையில் கிடைக்கிறது.

பலிக்கிறதா என்று பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், இரண்டு வாரம். சாப்பாட்டு வரிசை, இரவுக் கஞ்சி, காப்பி நேரம் மூன்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வயிற்று மந்தம், தூக்கம், மலம் மூன்றுக்கும் தினம் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண் போட்டு நாட்காட்டியில் குறியுங்கள்.

சர்க்கரையை வீட்டுக் கருவியில் பார்ப்பதானால் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணுவதுதான் வழக்கமான பிழை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்காமல் குத்தினால், விரலில் ஒட்டிய பழத்தின் இனிப்பே எண்ணை ஏற்றிக்காட்டும். ஹெச்.பி.ஏ.1.சி-யை மூன்று மாதம் ஆவதற்கு முன் மறுபடி பார்ப்பது வீண் செலவு. இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை, அதே இடத்தில், காலை வெறும் வயிற்றில் அளந்தால் போதும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைப் பாதியாக்கிப் பாகற்காயைக் கூட்டும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அந்த வாரமே மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பேசுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், விழுங்கச் சிரமம், ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுவலி இவற்றுக்கு எந்த வாகும் பார்க்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.